ஊர்ப்பேச்சில் ஓடும் லிப்ட்

எங்கள் அடுக்ககத்தின் லிப்ட் மின்சாரத்தில் ஓடுவதில்லை. ஊர்ப்பேச்சில் ஓடுகிறது.

அமைப்பு எளிது. கூரையில் ஒரு தகரக் குழாய் இருக்கிறது. நாம் பேசுவது அதன் வழியே கப்பிக்குப் போகிறது. ஒப்புக்குக் கேட்ட கேள்விக்கு ஒப்புக்குப் பதில் சொன்னால் லிப்ட் ஏறும். பதிலில் தகவல் இருந்தால் இறங்கும்.

ஒன்பதாவது மாடியில் அக்கா மகள் யாழிசைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் நான். தரைத்தளத்தில் இருந்தேன்.

ஏழாவது மாடி அற்புதராஜ் சாரும் ஏறிக்கொண்டார்.

“என்ன தம்பி, வெயில் இப்படிக் கொளுத்துது?”

“வெயில் நேத்து மாதிரிதான் சார். காத்துல ஈரம் அதிகம். வேர்வை காய மாட்டேங்குது. அதனால...”

ஒரு மாடி இறங்கினோம்.

“‘ஆமா சார்’னு சொன்னா என்ன குறைஞ்சிடும்? சரி, சாப்பிட்டாச்சா?”

“இல்ல.”

இன்னொரு மாடி.

“ஆச்சுன்னு சொல்லித் தொலைங்களேன்!”

“ஆகலையே சார்.”

எங்கள் அடுக்ககத்துக்கு இத்தனை கீழ்த்தளங்கள் இருப்பது எனக்குத் தெரியாது. சார் கதவருகே இருந்த பலகையைத் தட்டிக் காட்டினார். ‘கண்ணைப் பார்த்துப் பேசாதவர், சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்பவர், பிடித்த விஷயத்தை விடாமல் விளக்குபவர், பெருஞ்சத்தம் தாங்காதவர் முதலிய ஆஸ்பெர்ஜர்காரர்கள் படியில் செல்லவும்.’

“அந்தப் பேரை இப்ப எடுத்துட்டாங்க சார். ஆட்டிசத்தோடயே சேர்த்தாச்சு.”

மளமளவென்று இறங்கியது.

“படி எங்க சார் இருக்கு?”

“ஒன்பதாவது மாடியில.”

அக்கா போனில் கூப்பிட்டாள். “எங்கடா தொலைஞ்ச? மேளக்காரங்க வந்தாச்சு. இவ பெரியப்பா மடியில உட்கார மாட்டேங்கறா. நீயே பேசு.”

“மாமா, வலிக்குமா?” என்றாள் யாழிசை.

சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “வலிக்காதுன்னு சொல்லுங்க தம்பி. ஒரே மூச்சுல மேல போயிடலாம்.”

அவர் சொன்னது சரி. அமைப்பு அப்படித்தான்.

“வலிக்கும்,” என்றேன். “குத்தும்போது சுருக்குன்னு இருக்கும். பிறகு காது சூடாகும். மடல்ல எலும்பு கிடையாது, அதனால சீக்கிரம் முடிஞ்சிடும். அழலாம்.”

கம்பி அறுந்தது.

“உங்களோட ஏறினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்,” என்றார் சார், விழுந்துகொண்டே.

கதவு திறந்தது. ஒன்பதாவது மாடியும் பக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. நான் சம்மணமிட்டேன். யாழிசை ஓடி வந்து மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார்.

“எவ்வளவு வலிக்கும்? காட்டு.”

அவள் கையைக் கிள்ளினேன்.

“இவ்வளவுதானா?”

“இதைவிடக் கொஞ்சம் அதிகம்.”

“கொஞ்சம்னா?”

இன்னும் சற்று அழுத்திக் கிள்ளினேன். யோசித்துப் பார்த்தாள். பிறகு ஆசாரியின் பக்கம் காதைத் திருப்பினாள்.