எல்லா விளக்கும் எரிந்த பெட்டி

திறப்பு விழா நாளன்று அந்தப் பாடசாலையின் கம்ப்யூட்டர் வலையமைப்பைக் கொன்றவன் நான்தான். ஆயுதம், முழ நீளத்தில் ஒரு மஞ்சள் கேபிள். கொன்றதுகூடப் பரவாயில்லை. செத்துப்போனதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்களே, அதுதான் இன்றைக்கு நினைத்தாலும் குமட்டுகிறது. அந்தக் கைதட்டலுக்கு நான் தலையைக் குனிந்து நன்றி வேறு சொன்னேன்.

பாடசாலை பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். பெயர் வேண்டாம், அந்தப் பக்கம் எனக்கு இன்னும் வேலை வருகிறது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஏதோவொரு திட்டத்தில் அங்கே ஓர் அறை நிறையக் கம்ப்யூட்டர் இறக்கினார்கள். நான் பதுளையில் மொஹிதீன் முதலாளியின் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். கேபிள் இழுத்து, நுனிகளுக்குக் கிளிப் அடித்து, எல்லாவற்றையும் சுவிட்சில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பாடு. இது லைட் போடுகிற சுவிட்ச் இல்லை. தட்டையான ஓர் இரும்புப் பெட்டி. முன்பக்கம் வரிசையாகக் கேபிள் சொருகும் வாய்கள். ஒரு கம்ப்யூட்டர் சொல்வதை வாங்கி இன்னொரு கம்ப்யூட்டரிடம் கொடுக்கும், அவ்வளவுதான் அதன் தொழில். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பச்சை விளக்கு. கேபிளின் மறுமுனையில் ஆள் இருந்தால் எரியும், இல்லாவிட்டால் எரியாது. நான் பார்த்த சாமான்களிலேயே பொய் சொல்லத் தெரியாதது அது ஒன்றுதான். அதையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன்.

நியாயப்படி சுவிட்ச் கம்ப்யூட்டர் அறைக்குள் இருக்க வேண்டும். பாடசாலைக்குத் தலைமையான அதிபர் இரகுநாதன் சார் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மலைநாட்டுப் பாடசாலைகளிலேயே தலை நரைத்தவர்.

“உள்ளுக்கை வைச்சாப் பெடியள் நோண்டிப் போடுவாங்கள், தம்பி. என்ர ஒபிசிலை வையும். வாற ஆக்களுக்கும் வடிவாத் தெரியும்.”

வைத்தேன். சுவரைத் துளைத்து எல்லாக் கேபிளையும் அடுத்த அறையிலிருந்து அவருடைய அலுவலகத்துக்கு இழுத்து, ஆசிரியர்கள் காலையில் கையெழுத்துப் போடும் மேசைக்கு மேலே, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து வைத்தேன். சரஸ்வதிக்கு ஒரு சிவப்பு பல்ப், அதற்குப் பக்கத்தில் என்னுடைய பச்சை விளக்குகள். பார்க்கக் கோயில் மாதிரிதான் இருந்தது. அதிபர் தன் மேசைக் கம்ப்யூட்டருக்கும் ஒரு கேபிள் கேட்டார். அதையும் கொடுத்தேன்.

விழாவுக்குத் திட்டத்தின் பெரிய அம்மா ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். கழுத்தில் மாலை, பின்னால் கேமராக்காரன். சுவிட்சைப் பார்த்தார். வரிசையில் கடைசி இரண்டு விளக்கும் எரியவில்லை, பல் விழுந்த வாய் மாதிரி.

“இந்த ரெண்டும் ஏன் எரியல? பழுதா?”

அங்கே சொருக ஒன்றும் இல்லை அம்மா, பின்னால் தேவைப்படும் என்று விட்டிருக்கிறோம் என்று சொல்லியிருக்கலாம். அதிபர் என்னைப் பார்த்தார். கேமராக்காரனும் பார்த்தான். எனக்கு ஒரு வியாதி உண்டு, நாலு பேர் பார்த்தால் வித்தை காட்டாமல் இருக்க முடியாது. பையிலிருந்து மஞ்சள் கேபிளை எடுத்து, ஒரு நுனியை ஒரு வாயிலும் மறுநுனியைப் பக்கத்து வாயிலும் சொருகினேன்.

எல்லா விளக்கும் எரிந்தது. எரிந்தது மட்டுமில்லை, வெறி பிடித்த மாதிரி சிமிட்டியது. கூட்டம் கைதட்டியது. “பாத்தீங்களா, என்ன வேகம்!” என்றார் மாலை போட்ட அம்மா.

ஒரு வாயால் போன செய்தி அடுத்த வாயால் உள்ளே வந்து, திரும்பப் போய், திரும்ப வந்து, பெட்டி தன் சத்தத்தையே கேட்டுக் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் கூவுமே, அதே கதை. வேறு யார் பேச்சும் எடுபடாது. ஒரே சுவிட்சில் அப்படிச் சொருகக் கூடாது என்று நான் படித்திருக்கிறேன். படித்தது ஞாபகத்துக்கு வந்தது வடை தின்னும்போதுதான்.

அடுத்த அறையில் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வரவேற்புப் படம் அனுப்பிக் காட்ட வேண்டியவள் சுதர்ஷினி டீச்சர். படம் போகவில்லை. அவள் வாசலில் வந்து நின்று பெட்டியைப் பார்த்தாள், மஞ்சள் கேபிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. செத்த வலையமைப்புக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு, வாகனம் ஏறிப் போனார்கள். பிறகு நான் கேபிளைப் பிடுங்கினேன். எல்லாம் சரியானது. அதிபர் அறையைப் பூட்டி, நாங்கள் திறப்பு என்று சொல்லும் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

சுதர்ஷினி அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டிலேயே பிறந்து, உயர்தரம் பாஸ் பண்ணி, அதே பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக இருந்தவள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் அவள் பொறுப்பு. பங்குனியில் அந்தப் பாடத்துக்கு மட்டும் பரீட்சை. கேள்வித்தாளோடு கம்ப்யூட்டரில் செய்துகாட்டும் பகுதியும் இருந்தது. கம்ப்யூட்டர் வரும்வரை அவள் கரும்பலகையில் மவுஸை வரைந்து பாடம் நடத்தினாள். பிள்ளைகள் சவர்க்காரத் துண்டை மேசையில் தேய்த்து மவுஸ் பழகினார்கள்.

புறப்படும்போது கேட்டாள்: “அண்ணே, ரூமைத் தொறந்து விடுவாங்கன்னு நெனைக்கிறீங்களா?”

“தொறக்காம? பின்ன என்ன, பொட்டு வச்சு பூஜை பண்றதுக்கா வாங்கினாங்க?” என்று சொல்லிவிட்டு, என் பகிடிக்கு நானே சிரித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கொஞ்ச நாளில் அதிபரிடமிருந்து கடைக்குப் போன் வந்தது.

“தம்பி, லைட்டெல்லாம் நல்ல வடிவா எரியுது. ஆனா இன்டர்நெட் வரேல்லை. கனடாவிலை மகள் பிள்ளையைக் காட்டக் காத்துக்கொண்டிருக்கிறா.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. திட்டத்தில் கொடுத்த இணைய இணைப்பு முழுவதும் சுவிட்ச் வழியாக அதிபரின் மேசைக்கு மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கனடாப் பேரப்பிள்ளை, பகலில் செய்தி.

பதுளையிலிருந்து அப்புத்தளை, அங்கிருந்து பெரகலை. வளைவுக்கு வளைவு யாரோ ஜன்னல் பக்கம் தலையை நீட்டி வாந்தியெடுக்கும் பாதை. போய்ப் பார்த்தால் மஞ்சள் கேபிள் இரண்டு வாயிலும் ஒழுங்காகச் சொருகியிருக்கிறது. நான் பலகையில் சுருட்டி வைத்துவிட்டுப் போன அதே கேபிள்.

பிடுங்கினேன். எல்லாக் கம்ப்யூட்டரையும் சோதிக்க வேண்டும், அறையைத் திறங்கள் என்றேன். திறந்ததும் வந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. விழாவுக்குப் போட்ட மாலைகளை யாரும் எடுக்கவில்லை. மானிட்டர் தலைகளில் தொங்கியபடியே அழுகி, கறுப்புத் தண்ணீர் வடிந்து காய்ந்திருந்தது. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். என் பகிடி பலித்துவிட்டது. பிளாஸ்டிக் உறைகளுக்கு அடியில் எலிப் புழுக்கை. ஒரு கீபோர்டைத் தூக்கினேன், குடும்பமாக ஓடின கரப்பான்கள். பிள்ளைகளைவிட அவைதான் அந்தக் கீபோர்டில் அதிகம் பழகியிருந்தன. சீ என்று ஆகிவிட்டது.

ஒவ்வொரு மெஷினாக ஓடி ஓடிப் பார்க்க எனக்குச் சோம்பல். “டீச்சர், ஒரு மெஷினுக்கு ஒரு பிள்ளையா உக்கார வைங்க. நான் சொல்றதை அமுக்கினா போதும்” என்றேன். அவள் வகுப்பையே கொண்டுவந்தாள். ஒரு பையன் மவுஸைக் காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தான். சிரிப்பு வந்தது, சவர்க்காரத்தை நினைத்ததும் நின்றுவிட்டது. சுட்டியை நகர்த்தச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு கோப்பைப் பக்கத்து மெஷினுக்கு அனுப்பச் சொன்னேன். அனுப்பினார்கள். கொஞ்சம் ஆரவாரம்.

அவர்கள் போனதும் அதிபர் கைக்குட்டையில் கொலோன் தெளித்துக் கீபோர்டுகளைத் துடைத்தார். “கை கழுவாமல் வந்து தொடுறதுகள்” என்றார். எலிப் புழுக்கையை அவர் பார்க்கவேயில்லை. பிறகு தன் பிளாஸ்கிலிருந்து எனக்கு அவரே தேநீர் ஊற்றித் தந்தார். அந்த மனிதரை முழுதாக வெறுக்கவும் விடவில்லை. தேநீரைக் குடித்தேன்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. போன் வரும், போவேன், கேபிள் சொருகியிருக்கும். மஞ்சள் கேபிளை நான் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த தடவை ஒரு நீலக் கேபிள், அலுவலக மூலையில் இருந்த உதிரிச் சாமான் பெட்டியிலிருந்து எழுந்து வந்து சொருகிக்கொண்டிருந்தது.

“சார், யாரு இதைத் தொட்டது?”

“ஒருத்தரும் தொடேல்லை. சில வேளை தானாப் போயிருக்கும்.”

“கேபிளுக்குக் கால் இல்லையே சார்.”

“உந்தக் காலத்துச் சாமானுகளை நம்பேலாது, தம்பி.”

“அப்ப அந்தக் கேபிளை மட்டும் நீங்களே பிடுங்கிப் பாருங்களேன், நான் வர வேண்டியதில்லை.”

“ஐயோ, கரண்ட் கிரண்ட் அடிச்சா?”

காவல்காரர் அழகரிடம் கேட்டேன். “அந்தப் பொட்டி பக்கமே நான் போறதில்லைங்க, தம்பி. அது கண்ணு சிமிட்டுது. பொம்பளப் புள்ளைக நடமாடுற எடத்துல அப்படிச் சிமிட்டுற சாமான் எதுக்குங்க?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

சுதர்ஷினியிடம் கேட்டேன். “பிள்ளைக காத்துக்கிட்டு இருக்காங்க, அண்ணே. இன்னைக்கு என்ன டெஸ்ட்டு?” என்றாள்.

டெஸ்ட் நீண்டுகொண்டே போனது. கோப்பு அனுப்புவது போதாது, அட்டவணை போட்டு அனுப்பிப் பாருங்கள் என்றேன். இன்னொரு தடவை கடிதம் தட்டச்சு செய்யச் சொன்னேன். அதற்கும் சுவிட்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதிபர் எட்டிப் பார்த்தால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, “பாக்கெட் எல்லாம் விழுதா எண்டு பாக்கிறன், சார்” என்று, கேபிளில் ஓடும் செய்தித் துண்டுகளைப் பற்றி அவருடைய பாஷையிலேயே சொல்வேன். அவர் பயபக்தியோடு போய்விடுவார். மவுஸைத் தூக்கிக் காதில் வைத்த பையன் இப்போது பக்கத்துப் பிள்ளைக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தான். நான் போனதும் அறை பூட்டப்படும்.

“சார், வேலை நல்லாத்தானே போகுது. வாரத்துல ஒரு நாளாவது பிள்ளைகளுக்குத் தொறந்து விடலாமே?”

“பாப்பம்.”

அந்த மலைநாட்டில் அதிகம் விளைவது தேயிலை இல்லை, இந்த ‘பாப்பம்’தான். திட்டத்து அம்மாவுக்குப் போன் போட்டேன். கவனத்தில் எடுப்பதாகச் சொன்னார். வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டேன். அதிபரிடம் கேட்கச் சொன்னார்கள். எல்லோரும் எனக்கு மரியாதையாகப் பதில் சொன்னார்கள். ஒரு பதிலையும் கையில் பிடிக்க முடியவில்லை, வழுக்கிக்கொண்டு போனது.

மொஹிதீன் முதலாளி மட்டும் மரியாதை பார்க்கவில்லை.

“டேய் மகன், ஒரு சுவிட்ச வச்சிட்டு வாறதுக்கு ஒனக்கு எத்தன மாசம் வேணும்? கட மானம் போவுது. இந்தா, இரும்புப் பொட்டி. சுவிட்ச உள்ளுக்கு வச்சுப் பூட்டு. ரெண்டு தொறப்பு இருக்கு, ரெண்டையும் அதிபர்ட குடுத்திட்டு வா. இனி அந்தப் பக்கம் போற வேல ஒனக்கில்ல.”

மாசி மாதம். பெரகலை முழுக்க மூடுபனி. அதிபர் இரும்புப் பெட்டியைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். “முன்னுக்குக் கண்ணாடி வைச்சிருக்கு, லைட்டும் தெரியும்” என்றார். கடைசிச் சோதனை என்று சொல்லிப் பிள்ளைகளை அறைக்குள் விட்டுவிட்டு, சரஸ்வதி படத்துக்குப் பக்கத்தில் சுவரைத் துளைக்கத் தொடங்கினேன். சத்தம் பொறுக்காமல் அதிபர் வெளியே போய்விட்டார். சுண்ணாம்புத் தூள் என் தலையெல்லாம் கொட்டியது.

சுதர்ஷினி உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள்.

“இது எதுக்கு, அண்ணே?”

“இனிமே ஒருத்தரும் கை வைக்க முடியாது. என் கரைச்சலும் முடிஞ்சிது, சாரோட கனடாவும் தப்பிச்சிது.”

“அப்ப நீங்க வர மாட்டீங்களா?”

“எதுக்கு வரணும்? ஒடையாத சாமானை யாரு திருத்தக் கூப்பிடுவா?”

அவள் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் திரும்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம் கீபோர்டுகளின் சத்தம் தகரத்தில் தூறல் விழுகிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் துளைக்கும் மெஷினை நிறுத்தினேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ தடவை கேட்ட கேள்வி, பதில் வரும் என்ற நம்பிக்கையில்லாமல், வழக்கத்தின் பேரில் ஒரு தடவை கேட்டேன்.

“டீச்சர், பூட்டுறதுக்கு முன்னால சும்மா தெரிஞ்சிக்கக் கேக்குறேன். யாருதான் இதைச் சொருகுறது?”

“நான்தான்.”

துளைக்கும் மெஷினைக் கீழே வைத்தேன்.

“காலையில கையெழுத்துப் போட வர்றப்போ சொருகிட்டுப் போவேன். தொறப்பு விழாவுல நீங்க செஞ்சதைப் பாத்துத்தான் படிச்சேன். நீங்க திருத்த வந்தாத்தான் அந்த ரூம் தொறக்குது, அண்ணே. வேற எதுக்கும் தொறக்கல. அடுத்த மாசம் என் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அது முடியிற வரைக்கும் இந்தப் பொட்டி ஒடஞ்சுக்கிட்டேதான் இருக்கும். பூட்டுறதுன்னா தாராளமாப் பூட்டுங்க. ரெண்டு தொறப்புல ஒண்ணு எனக்கு வேணும்.”