கூடாரத்தின் பிரதான குடியிருப்பாளர்

ரொறன்ரோவிலிருந்து மருமகன் அனுப்பிய கூடாரம் வந்து சேர்ந்தபோது, கொழும்பு வெள்ளவத்தையின் அந்த இரண்டு அறை பிளற்றில் பதினொரு பேர் இருந்தார்கள். கதிர்காமநாதனும் மனைவி பாலேஸ்வரியும் வீட்டுக்காரர். மற்ற ஒன்பது பேரும் வெளிநாடு போகவென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஏஜென்சிக்காரனின் ‘அடுத்த கிழமை’யை எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருக்கும் உறவினர். பாலேஸ்வரி படுப்பது குசினிக்கும் கக்கூசுக்கும் நடுவில். இரவில் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போகவேண்டும். பண்பான சிலர் “சொறி மாமி” என்று மன்னிப்புக் கேட்டுத் தாண்டினார்கள். அதற்கும் ஒருதரம் கண்விழிக்க வேண்டியிருந்தது.

ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளரான கதிர்காமநாதனை உறுத்தியது கூடாரத்தோடு வந்த படம். ஏரிக்கரையில், அரைக்காற்சட்டையுடன், உலகத்தையே கண்டுபிடித்தவர்போல் மருமகன். பதிலுக்குக் கடற்கரையிலிருந்து ஒரு படம் போகாமல் விடுவதா?

“காம்பிங் எண்டுறது ஒரு டிசிப்ளின்,” என்று வீட்டிலிருந்த ஒன்பது பேருக்கும் விளக்கினார். இடப்பெயர்வில் தறப்பாள் கூரையின் கீழ் ஐந்து மாதம் படுத்தெழும்பியவர்கள் அவர்கள். மரியாதைக்குத் தலையாட்டினார்கள்.

“நானும் வாறன்,” என்றாள் பாலேஸ்வரி. “எனக்குப் படமும் வேண்டாம், கடலும் வேண்டாம். ஒருத்தரும் எழுப்பாத இடத்தில ஒருக்கால் நித்திரை கொள்ளவேணும். அவ்வளவுதான்.”

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஏப்ரல் கடைசி. தென்கரையில் சீசன் முடிந்து, ஹோட்டல்காரர் சாய்கதிரைகளை அடுக்கிக் கட்டிவிட்டார்கள். கடல் கலங்கத் தொடங்கியிருந்தது. காலை ரயிலில் போய் இறங்கினார்கள். தென்னந்தோப்புக்காரர், விரும்பிய இடத்தில் அடியுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்றுத் தள்ளி மொறட்டுவைச் சிங்களப் பெடியன்கள் நாலு பேர் ஏற்கெனவே ஒரு கூடாரத்தில் கிற்றார் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கதிர்காமநாதன் விளக்கக் கையேட்டை உரத்து வாசித்தார். பாலேஸ்வரி கூடாரத்தை அடித்தாள். உள்ளே தவழ்ந்து போய்ச் சரிந்தாள். கண் செருகியது.

“எழும்பும் எழும்பும். பொலிசில பதிஞ்சுபோட்டு வருவம்.”

“ஆரப்பா கேட்டது?”

“கேக்க முதலே பதியிறதுதான் ஒழுங்கு.”

“அந்தப் பெடியள் பதிஞ்சவங்களே?”

“அவங்களுக்கென்ன,” என்றார் அவர்.

யுத்தகாலம். வெள்ளவத்தையில் தமிழர் வீட்டுக்கு யார் தங்க வந்தாலும் உடனே பொலிசில் பதியவேண்டும். அதில் கதிர்காமநாதன் விண்ணர். ஒன்பது பேரையும் ஒரு பிழையில்லாமல் பதிந்தவர். இதற்கும் படிவத்தை ஆங்கிலத்தில், மூன்று பிரதியில், வீட்டிலேயே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். வதிவிடம்: கூடாரம், நீலம். பிரதான குடியிருப்பாளர்: கதிர்காமநாதன். தற்காலிக விருந்தினர்: பாலேஸ்வரி. உறவுமுறை: மனைவி.

பொலிஸ் நிலையத்துச் சார்ஜன் அதை இரண்டுமுறை வாசித்தார். இருபத்திரண்டு வருட சேவையில் கூடாரத்தைப் பதிய வந்த முதல் மனிதர் இவர். வராமலிருந்தால் சார்ஜனுக்குத் தெரியவே போவதில்லை. இப்போது கையில் ஒரு கடதாசி இருந்தது. கடதாசி இருந்தால் ஏதாவது செய்தாகவேண்டும். அடையாள அட்டைகளைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணத்துக் கொக்குவில்.

“வீட்டில் இடமில்லையா மாத்தயா, கடற்கரையில் படுக்க?”

“பொழுதுபோக்கின் நிமித்தம்...” என்று கதிர்காமநாதன் கந்தோர் வேலையில் பழகிய தமது சிங்களத்தில் ஆரம்பித்தார்.

“இடமில்லை,” என்றாள் பாலேஸ்வரி.

வெள்ளவத்தைக்கு ரெலிபோன் எடுத்து விசாரிக்கவேண்டும், பதில் வரும்வரை இருங்கள் என்றார் சார்ஜன். மணி ஒன்றேகால். சுவரோரம் ஒரு நீள வாங்கு. பாலேஸ்வரி அதில் இருந்தாள். பிறகு சாய்ந்தாள். பிறகு கைப்பையைத் தலைக்கு வைத்துக் காலை நீட்டினாள். கதிர்காமநாதன் தாம் வகித்த பதவிகளை ஆண்டுவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது இடமாற்றத்துக்கு வருமுன் அவள் குறட்டை கேட்டது.

ஐந்து மணிக்குப் பதில் வந்தது. எல்லாம் சரி.

“நீங்கள் போகலாம். ஆனால் இரவில் கடற்கரையில் தங்கவேண்டாம். ஆறு மணிக்குக் கொழும்பு ரயில் இருக்கிறது.”

ஆறு மணி ரயில் என்றால் எட்டுக்கு வெள்ளவத்தை. ஒன்பது பேருக்கும் பிட்டு அவிக்கவேண்டும். கதிர்காமநாதன் எழுந்து வாங்கடிக்குப் போனார். அவளுடைய வாய் சற்றே திறந்திருந்தது. ஒரு செருப்புக் கழன்று கீழே கிடந்தது. தோளைத் தட்டக் கையைக் கொண்டுபோனவர், அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்து கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“சார்ஜன் மாத்தயா, எனக்கு ஜெர்மனியில் ஒரு தம்பி இருக்கிறான். அவனைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை.”

சார்ஜன் அவரைப் பார்த்தார். வாங்கைப் பார்த்தார். பெரிய புத்தகத்தை மறுபடி திறந்து, பேனை மூடியைக் கழற்றினார்.

“பெயர்?”

“சிவபாதசுந்தரம். நீண்ட கதை. ஆறுதலாக எழுதுங்கள்.”