வி.பி.பி. மாத்திரை

தபாலில் சாமான் வரவழைக்கும் பழக்கத்தை அந்த ஊரில் தொடங்கி வைத்தவள் ஞானமேரிதான். மாரண்டஹள்ளியிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி இருந்த ஊர். பெண்களில் பத்தாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். வாரப் பத்திரிகையில் வரும் விளம்பரத்தைப் படித்துச் சொல்வாள், கார்டில் ஆர்டர் எழுதிப் போட்டுக் கொடுப்பாள். பத்துப் பதினைந்து நாளில் போஸ்ட்மேன் சென்னப்பன் சைக்கிள் கேரியரில் வி.பி.பி. பார்சலைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார். பணத்தைக் கொடுத்தால்தான் பார்சல் கைக்கு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதற்கப்புறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் இந்தப் பேச்சுத்தான். யாருக்கு என்ன வந்தது, தேறுமா தேறாதா.

"தையல் மெஷின்னு படம் போட்டிருந்தான். வந்து பாத்தா உள்ளங்கை அகலந்தான் இருக்குது. ஒரு ரவிக்கையை மூட்டறதுக்குள்ள கை வுட்டுப்போவுது" என்பாள் லூர்து மேரி.

"எங்க வூட்டுக்காரரு வாட்சு எட்டு நாள் ஓடுச்சு. இப்ப மணிக்கட்டுல பச்சை மட்டுந்தான் மிச்சம்" என்பாள் இன்னொருத்தி.

எல்லாரும் சிரித்துவிட்டு ஞானமேரியைத்தான் பார்ப்பார்கள். தபாலில் வந்ததிலேயே வஞ்சனையில்லாமல் வேலை செய்தது அவளுடைய மாத்திரை ஒன்றுதான். சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஈளை, மூச்சிளைப்பு. பனிக்காலம் வந்தால் உட்கார்ந்தபடியேதான் தூக்கம். வடக்கே ஏதோ ஒரு கம்பெனி, மூலிகை மாத்திரை என்று விளம்பரம் செய்திருந்தது. போட்ட மூன்றாம் நாளே இளைப்பு நின்றது. ஒரு வருசத்தில் ஒட்டிக் கிடந்த கன்னம் பூரித்து, முகம் வட்டமாகி, ஆள் பார்க்கவே வேறு மாதிரி ஆகிவிட்டாள். அவள் புருசன் மதலைமுத்து தக்காளி மண்டியில் பார்ப்பவர்களிடமெல்லாம் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த முகத்தைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுச் சாலம்மாளும் வந்து கேட்டாள். அவள் புருசன் முனியப்பன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாசத்துக்கு ஒருமுறை வருகிறவன். ஒரே மகள் செல்லி. ஒன்பது வயசு. அதற்கும் இதே இளைப்பு.

"உங்களுக்குக் கேட்டுச்சுன்னா எம்புள்ளைக்கும் கேக்கும்ல அக்கா? எழுதிப் போடுங்க."

ஞானமேரி எழுதிப் போட்டாள். செல்லிக்கும் கேட்டது. ஐந்து மாசமாக அந்தப் பிள்ளை ஒருநாள் தவறாமல் பள்ளிக்கூடம் போனது.

1987-ம் வருசம் பங்குனி மாசத்தில் ஞானமேரிக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. அடுப்பு மேடையில் லேசாக இடித்தாலும் தோல் கன்றிக் கருநீலமாகும். பாலக்கோட்டுக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு, "ஏதாவது மாத்திரை ரொம்ப நாளா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். ஞானமேரி பெருமையோடுதான் டப்பாவை எடுத்து வைத்தாள்.

"மூலிகைன்னு எழுதியிருக்கான். உள்ள ஸ்டீராய்டு கலந்திருக்கான்னுதான் நெனைக்கிறேன். இது சதை இல்லம்மா, ஊத்தம். இப்படியே போனா எலும்பு போயிடும், சக்கரை வரும். இதை விட்டாகணும்."

பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரம் பாதி மாத்திரை, அடுத்த வாரம் கால், அதற்கப்புறம் வந்து பார்க்க வேண்டும். ஏன் பாதி, ஏன் கால் என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஞானமேரிக்கு எதுவும் காதில் ஏறவில்லை. செல்லியின் கன்னமும் இப்போது வட்டமாக இருக்கிறது என்பது மட்டும் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்துகொண்டிருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வேகு வேகென்று வந்தவள், சாலம்மாள் வீட்டு வாசலில் சென்னப்பனின் சைக்கிள் நிற்பதைப் பார்த்தாள். சாலம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சென்னப்பன் கையில் அந்த மாத்திரைப் பார்சல்.

"வாங்காதே சாலம்மா" என்றாள் ஞானமேரி. மூச்சு வாங்கியது.

"ஏங்க்கா? நேத்தோட டப்பா காலி. நல்லவேளை, இன்னைக்கே வந்துட்டுது."

"அது மருந்தில்லை, விஷம். டாக்டரம்மா சொல்லிட்டாங்க. புள்ளைக்கு எலும்பு போயிடுமாம். திருப்பி அனுப்பு."

சாலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஐந்து மாசமாகத் தன் மகள் படுத்துத் தூங்கியதற்குக் காரணமான மாத்திரை அது. அதை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"நீங்க நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஞானமேரியின் கைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது. பாதியாகக் குறைத்திருக்கிறேன் என்று சொன்னால் சாலம்மாள் பார்சலை வாங்கிவிடுவாள். பாதி கொடுக்கிறேன் என்று ஆரம்பித்து, ஒரு ராத்திரி பிள்ளை இளைத்தால் முழுசாகக் கொடுத்துவிடுவாள். ஒரு வருசம் தின்ற உடம்புக்குத்தான் சீட்டு, ஐந்து மாசம் தின்ற பிள்ளைக்கு எதற்கு என்றும் தோன்றியது.

"நிறுத்திட்டேன். இன்னையோட தூக்கிப் போட்டுட்டேன்" என்றாள்.

சென்னப்பன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பார்சல்மேல் வாங்க மறுத்ததாக எழுதிக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து ஞானமேரி கதவைச் சாத்திக்கொண்டு, அரிவாள்மணையில் மாத்திரையை இரண்டாக அரிந்து விழுங்கினாள். டப்பாவை அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தாள். மதலைமுத்துவிடம்கூட வாய் திறக்கவில்லை. செல்லி எப்படி இருக்கிறாள் என்று தினமும் வேலியோரம் நின்று கேட்டாள். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. நாலாம் நாள் சோறு இறங்கவில்லை. பழைய இளைப்பும் திரும்ப வந்திருந்தது.

"மருந்து விட்டா ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். சுக்குத்தண்ணி குடு" என்றாள் ஞானமேரி. தனக்கே தெரியாததை எப்படி இவ்வளவு திடமாகச் சொல்ல வருகிறது என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அவள் மணையில் மாத்திரையை வைத்துக்கொண்டிருந்தபோது கதவு தள்ளித் திறந்தது. சாலம்மாள். தலை அவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, புள்ளை விடியறதுக்குள்ள மூணு தடவை வாந்தி எடுத்துடுச்சு. கண்ணைத் தொறந்து பாக்க மாட்டேங்குது. கைகாலெல்லாம் சில்லுன்னு..."

சாலம்மாள் மணையையும், திறந்து கிடந்த டப்பாவையும் பார்த்தாள்.

"எம்புள்ளைக்கு விஷம். உங்களுக்கு மருந்துங்களா?" சாலம்மாள் சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சாலம்மா, டாக்டரம்மா எனக்கு..." என்று ஆரம்பித்தவள் சீட்டை எடுத்தாள். அன்றைக்கு வாங்கி மடித்ததோடு சரி, மேலே இருந்த இரண்டு வரியை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. தமிழில், பெரிய எழுத்தில், கீழே கோடு போட்டு எழுதியிருந்தது. 'திடீரென்று நிறுத்தக் கூடாது.'

மணையில் இருந்த மாத்திரையை இரண்டாக அரிந்து டப்பாவில் போட்டாள்.

டப்பாவையும் சீட்டையும் கையில் பிடித்தபடி ஓடினாள். செல்லி பாயில் கிடந்தாள். உதடு வெளுத்து, நெற்றி வியர்த்திருந்தது. ஞானமேரி பாதி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது.

"தூக்கு. பஸ்ஸுக்குப் போவலாம்."

மெயின் ரோடு ஒரு மைல். சாலம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் ஓடினாள். பாதி வழியிலேயே ஞானமேரிக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நிற்கவில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து வந்த பஸ் நிற்காமல் போகப் பார்த்தபோது நடுரோட்டில் போய்க் கையை விரித்து நின்றாள். டிரைவர் வைதுகொண்டே பிரேக் போட்டான். சாலம்மாள் தோளில் தொங்கிய தலையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். பாலக்கோடு போய்ச் சேரும்வரை வழியில் எங்கேயும் வண்டியை நிறுத்தவில்லை. ஏறக் காத்திருந்தவர்கள் திட்டியது பின்னால் கேட்டது.

பஸ்ஸில் ஞானமேரி பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டினாள். சாலம்மாள் காலைத் தன் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா டப்பாவைப் பார்த்ததும் நர்ஸிடம் என்னவோ வேகமாகச் சொன்னார். ஊசி போட்டார்கள். டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் தேடி, கடைசியில் கணுக்காலில் கிடைத்தது.

"எப்ப நிறுத்தினீங்க?"

"அஞ்சு நாளாச்சுங்க" என்றாள் சாலம்மாள்.

"ஒரே நாள்லயா? யாரு நிறுத்தச் சொன்னது?"

சாலம்மாள் பிள்ளையின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். ஞானமேரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்தாங்க" என்றாள் ஞானமேரி. "நான் சாப்பிட்டுக்கிட்டே, நிறுத்திட்டேன்னு பொய் சொன்னேன். நீங்க எழுதிக் குடுத்த சீட்டைக் காட்டலை."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று எதிர்பார்த்து நின்றாள் ஞானமேரி.

"வெளியிலேர்ந்து மருந்து வந்துக்கிட்டே இருந்தா, உடம்பு தானாச் சுரக்கிற ஸ்டீராய்டைச் சுரக்க மறந்துடும். கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சாத்தான் மறுபடி ஞாபகம் வரும். இதைத்தானே அன்னைக்குச் சொன்னேன்?" என்றார். பிறகு, "வேற யாருக்காவது எழுதிக் குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்துக் கொட்டாயில், நாலைந்து வீடுள்ள காட்டுக் குடியிருப்பில், காளியப்பன் என்று ஒருவர் இருந்தார். அறுபது வயசு. அவருக்கும் இவள்தான் கார்டு எழுதினாள். இந்த ஐந்து நாளில் 'அது விஷமாம்' என்ற பேச்சு அவர் காதுக்கும் போயிருக்கும்.

செல்லி கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்கப் பிற்பகல் ஆனது. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஞானமேரி கிளம்பினாள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் கொட்டாய்க்கு நடந்து போனபோது, காளியப்பன் களத்தில் மாத்திரை டப்பாவைக் குப்பையோடு கொட்டிக்கொண்டிருந்தார்.

"அதை எடுங்கய்யா" என்றாள். "நானும் இன்னும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்கறேன். பாதி. நாளைக்கு என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க. அவங்க சொல்றபடி விடலாம்."

அவர் குழம்பிப்போய் நின்றார். இவளே குனிந்து, குப்பையைக் கிளறி டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஆறாம் நாள் செல்லியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலம் சாலம்மாள் வேலியைத் தாண்டி வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே ஒரு சீட்டை நீட்டினாள்.

"படிங்க. முழுசாப் படிங்க."

ஞானமேரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தாள். எந்த வாரம் எவ்வளவு, எந்தத் தேதியில் வரவேண்டும், வாந்தி எடுத்தால் என்ன செய்ய வேண்டும், எல்லாம். இளைப்புக்குத் தனியாக எழுதியிருந்த மருந்தையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாள். சாலம்மாள் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தாள்.

"ஸ்கூல் டீச்சர்கிட்டயும் ஒருதடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்" என்றாள் சாலம்மாள், சீட்டை மடித்தபடி.

"கேட்டுக்கோ" என்றாள் ஞானமேரி. "கடைசி வரியை மறக்காம படிக்கச் சொல்லு."

சாலம்மாள் தலையை ஆட்டிவிட்டு, விளக்கு வைக்கும் முன்னால் டீச்சர் வீட்டுப் பக்கம் நடந்தாள்.