அரக்கு உடையாத வண்டி

லாசரஸ் யாரையும் நம்ப மாட்டார். பங்கில் அடிக்கும் பெட்ரோலை நம்ப மாட்டார். போனில் வழி சொல்லும் பெண் குரலையும் நம்ப மாட்டார். முப்பத்திரண்டு வருஷம் தாம்பரத்தில் ஸ்கூல் வேன் ஓட்டியவர். பிள்ளைகளை மூன்று தடவை எண்ணாமல் வண்டியை எடுத்ததில்லை. அந்த வேனைப் பள்ளிக்கூடம் கழித்துக்கட்டியபோது அவரே வாங்கிக்கொண்டார். சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டில், கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் தன் கையாலேயே பொருத்தினார். மனைவி சரோஜினியோடு கடலோரமாகவே கன்னியாகுமரி வரை போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

காலனிக்காரர்களுக்கு அது தெருவை அடைத்து நிற்கும் தகர டப்பா. சங்கச் செயலாளர் சுப்ரமணியன், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், நேராகவே கேட்டுவிட்டார்.

"லாசரஸ், இது மகாபலிபுரம் தாண்டுமா?"

"தாண்டினா இன்னா பண்ணுவ?"

"யாரும் இழுக்காம கன்னியாகுமரி போய்ட்டு வந்துட்டா, வண்டி இங்கயே நிக்கட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். எங்கயாவது கயிறு கட்டி இழுத்தா, நேரா படப்பை காயலான் கடைதான்."

"எழுதிக் குடு."

எழுதினார். லாசரஸுக்குப் படிப்பு நாலாவதோடு சரி. சரோஜினியை இரண்டு தடவை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

சுப்ரமணியனும் லேசுப்பட்டவர் இல்லை. வண்டிக்கு முன்னும் பின்னும் இருந்த இழுவைக் கொக்கிகளில் சணல் நூலைச் சுற்றினார். முடிச்சில் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றித் தன் மோதிரத்தை அழுத்தினார். "கொக்கியில கயிறு மாட்டணும்னா இதை உடைச்சாகணும். உடைஞ்சிருந்தா கதை முடிஞ்சது."

பெரும்பாக்கம் வழியாகப் போய்க் கடற்கரைச் சாலையைப் பிடித்தார்கள். அரக்கு வெயிலில் இளகிவிடக் கூடாதே என்று வண்டி நின்ற இடத்திலெல்லாம் சரோஜினி கொக்கிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். நாகப்பட்டினத்தில் ஊற்றினாள், தூத்துக்குடியில் ஊற்றினாள். ஆறாம் நாள் கன்னியாகுமரியில் சூரியன் எழும்போது பின்கதவைத் திறந்து வைத்துக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். "அந்தாளு இப்போ பாக்கணும்" என்றார் லாசரஸ்.

திரும்பும் வழியில்தான் வினை. மரக்காணம் தாண்டி ஒரு மீனவர் குப்பம். வீட்டுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. கடைசியாக ஒருதரம் காலை நனைக்க வேண்டும் என்றாள் சரோஜினி. ரோட்டோரம் விட்டால் எவனாவது டயரைக் கழற்றிவிடுவான் என்று லாசரஸ் வண்டியை மணலிலேயே இறக்கினார். இறங்கிய வண்டி ஏறவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பின்சக்கரம் பாதிக்குமேல் புதைந்தது.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஜெயக்கொடி எழுந்து வந்தாள். "பெரியவரே, எங்க தம்பி டிராக்டர் இருக்கு. படகையே இழுக்கும். கூப்பிடட்டா?"

"கொக்கிய தொடக் கூடாதும்மா. சீல் வெச்சிகீது."

கதையைக் கேட்டு அவள் சிரித்தாள். "இதுக்கா? அச்சுல கயித்தக் கட்டுனா கொக்கிய எதுக்குத் தொடணும்? அரக்கு அப்படியே இருக்கும். அந்த ஐயாவுக்கு என்ன தெரியப் போவுது?"

லாசரஸ் அச்சைக் குனிந்து பார்த்தார். கட்டலாம். அருமையாகக் கட்டலாம். நிமிர்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"வாணாம்மா. ஊர்ல நான் நம்புற ஆளு இந்த லாசரஸ் ஒர்த்தன்தான். அவனும் திருடனாப் பூட்டா நான் எங்க போவேன்?"

"அப்போ டயர்ல பாதிக் காத்த எறக்குங்க. சப்பையா இருந்தாத்தான் மணல்ல ஏறும்."

லாசரஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றியவர். டயரில் கல்லு மாதிரி காற்று வைத்தே பழக்கம். நாலு டயரையும் உட்கார வைத்துவிட்டு அப்புறம் இவள் என்ன கேட்பாளோ?

"இன்னாங்க," என்றாள் சரோஜினி, "பத்து நாளா அந்த அரக்குக்குத் தண்ணி ஊத்தினவ நானு. வண்டி இங்கயே கெடந்து துருப்பிடிக்கணுமா? எறக்குங்க."

ஆணியால் வால்வை அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போனது. நாலு டயரும் தோசைபோலப் பரந்தன. சக்கரத்துக்கு முன்னால் இருந்த மணலை இரு பெண்களும் கையால் வாரித் தள்ளினார்கள். லாசரஸ் முதல் கியரில் போட்டு, மிதிக்காமல் மெல்ல விட்டார். வண்டி முனகியது. ஆடியது. பிறகு கிழட்டு யானை எழுந்திருப்பதுபோல எழுந்து, நிற்காமல் நடந்து தார்ரோட்டில் ஏறியது!

சரோஜினி குலவை போடாத குறை. பங்க் காற்றை நம்பாதவர் ஆயிற்றே, கால்பம்ப் வண்டியிலேயே இருந்தது. ஒன்றரை மணி நேரம் தானே மிதித்து நாலு டயரையும் நிரப்பினார்.

"உனக்கு இன்னாம்மா வேணும்? இப்பவே சொல்லிடு," என்றார் சந்தேகத்தோடு.

"அந்த ஹாரன ஒருதரம் அடிச்சிக்கட்டா?"

குப்பமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தாள்.

சாயங்காலம் காலனிக்குள் நுழைந்தபோதும் அதே ஹாரன். ஒவ்வொரு பால்கனியிலும் தலை முளைத்தது. சுப்ரமணியன் பூதக்கண்ணாடியோடு வந்து மண்டியிட்டுப் பார்த்தார். உப்புப் பூத்த நூல். மோதிரத்தின் பதிவு கலையாத அரக்கு. பின்பக்கமும் போய்ப் பார்த்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"இதைத் தொடாம வேற எங்கயாவது கட்டி இழுத்திருந்தா?"

"குப்பத்துல ஒரு பொண்ணும் அதான் சொல்லிச்சி. அச்சுல கட்டி இழுக்கலாம், உனக்குத் தெரிஞ்சே இருக்காது. இழுக்கல."

சுப்ரமணியன் அந்த ஒப்பந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினார். பிறகு பேனாவை எடுத்துக் காகிதத்தின் அடியில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சரோ, இன்னா எழுதிகீறார்னு படி," என்றார் லாசரஸ்.

அவள் படித்தாள்.

"இன்னொரு வாட்டி. பால்கனிக்குக் கேக்கற மாதிரி."