ஏழாம் எண் கடலை

நிறுத்துப் போட்ட பிறகு தாராவிக் கடலைக்காரி ஆறுமுகத்தாய் எனக்கென்று ஒரு கை வறுத்த கடலை கூடப் போடுவாள். எனக்கு வேண்டியது கால் கிலோ மட்டும்தான். கொசுறை செம்பூர் ஆய்வகத்து வாசலிலேயே குப்பையில் கொட்டிவிடுவேன். பொட்டலத்தின்மேல் அவள் பெயர்கூட இருக்காது, மாதிரி எண் ஏழு என்று எழுதுவேன்.

உணவிலுள்ள எந்த நஞ்சு புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது என்று பார்ப்பது என் வேலை. அவளிடம் லேபில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்னை டாக்டராக்கியது அவள்தான்.

ஜூலை மழையில் தாராவிக்குள் தண்ணீர் ஏறியபோது அவள் மூட்டைகளும் நனைந்தன. அந்தக் கடலையின் சாற்றை ஈரல் செல்களில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நல்ல டி.என்.ஏ. உருண்டையாக நிற்கும், உடைந்தது வால்போல இழுபடும். ஏழாம் எண்ணில் எங்கு பார்த்தாலும் வால். பூஞ்சை நஞ்சு, வறுத்தாலும் முழுக்கப் போகாது. எங்கள் தலைவர் சங்கரன் சாரிடம் ஓடினேன்.

"இப்போ சொன்னா மூட்டைய மாத்திடுவா, ஸ்டடி போச்சு. ரெண்டு மாசம் பொறுத்துக்கோ ஷ்யாமளா" என்றார்.

பொறுத்துக்கொண்டேன். ஆய்வுக் கட்டுரையில் என் பெயர் முதலில் வரும் என்பதும் ஒரு காரணம். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

மூன்று வாரம் கழித்து இன்று போனால் கடை முன்னால் என்றுமில்லாத கூட்டம். எனக்கு நிறுத்தபடியே ஆறுமுகத்தாய், பக்கத்தில் நின்ற கர்ப்பிணிப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னாள்.

"ஏ விஜயராணி, நான் சொன்ன டாக்டரம்மா இவியதான். ஆறு மாசமா எங்கிட்டதான் வாங்குதாவ. மோசமான சரக்குன்னா இவிய வாங்குவாவளா?"

எனக்குக் காது சுட்டது. அந்தக் கூட்டத்தைச் சேர்த்தது நான்தான்.

விஜயராணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "தெனமும் திங்கேன் டாக்டரம்மா. பிள்ளைக்கு நல்லதுதானே?"

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். சங்கரன் சாரிடம் அதைத்தான் செய்தேன்.

"சாப்பிடாதேம்மா" என்றேன். "இதுல விஷம் இருக்கு. மூணு வாரமா எனக்குத் தெரியும்."

ஆறுமுகத்தாய் என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப ஆறு மாசமா என்னத்துக்கு வாங்குனிய?"

கொசுறு அள்ளிய கையை அவள் இன்னும் இறக்கவில்லை. விரலிடுக்கு வழியாக ஒவ்வொரு கடலையாகத் தராசுத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.