பின்தொடர்பவர்: ஒருவர்

1

இந்தக் கதை ஒரு கேலியில் பிறந்தது. கேலி என்னுடையது. மொந்தேவிதேயோவின் ஞாயிறு இதழொன்றில் இருபது வருடமாக அதுதான் என் பிழைப்பு. எவனாவது ஊதிக்கொண்டு நின்றால் ஊசியோடு போவேன். இந்த முறை ஊசி இறங்கிய இடம் பலூன் இல்லை. (வாக்கியம் கொஞ்சம் அழகாக வந்துவிட்டது. சந்தேகப்படுங்கள்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "புசேயோ மீன்துறையில் விடிந்தபோது, எடிசன் பெந்தாங்கூர் நதியை நோக்கி"

வேண்டாம். ஒன்பது மணிக்கு முன் எழாத எனக்கு அவர் எப்படி நோக்கினார் என்று என்ன தெரியும்?

தெரிந்ததைச் சொல்கிறேன். மீன்கடை எடிசன் ஒன்பது வருடமாக ஒரு வலைப்பதிவு வைத்திருந்தார். தினம் ஒரு படம், ஒரு வரி: இன்று நதி என்ன நிறம். (நாங்கள் அதைக் கடல் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரன் திருத்தினால் கோபம் வரும்.) "இன்று: நேற்றைய மாத்தே." "இன்று பச்சை, உப்பு ஏறிவிட்டது." ஒருநாள்: "இன்று: நீ போன அன்றிருந்த நிறம்."

யாரைக் கிழிக்கலாம் என்று பார்ப்பதற்காக இருநூறு தளங்களின் புதுப் பதிவுகள் தானாக வந்து சேரும்படி ஒரு திரட்டியில் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் எடிசனும் ஒருவர். ஆனால் காலையில் மாத்தே இலைக் குடுவையில் வெந்நீர் ஊற்றியதும் முதலில் திறப்பது அவரைத்தான். ஏன் என்று கேட்காதீர்கள்.

3

ஒரு வாரம் எழுத விஷயமில்லை. எடிசனின் பக்கத்தையே நேரில் போய்த் திறந்தேன். திரட்டியில் பதிவு மட்டும்தான் வரும். பக்கத்தின் மூலையில் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். பின்தொடர்பவர்: 1.

விடுவேனா? எழுதினேன்: "நதியிடம் 'நீ போன அன்று' என்று உருகுகிறார் மீன்காரர். கவிதை வியாதி முற்றிவிட்டது. ஒன்பது வருடத்தில் சிக்கியது ஒரே ஒரு வாசகர். எந்த முட்டாளோ, கடவுளுக்கே வெளிச்சம்."

ஞாயிற்றுக்கிழமை மனைவி மிர்த்தா படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

"கடவுள் எதுக்கு? அந்த முட்டாள் இதோ எதிர்லயே உக்காந்து மாத்தே உறிஞ்சிக்கிட்டிருக்கானே."

திரட்டியில் சேர்த்தாலும் பின்தொடர்பவர் கணக்குதான். தலை எண்ணும்போது என்னை விட்டுவிட்டேன். நையாண்டிக்காரனுக்கு எப்போதும் தான் கூட்டத்துக்கு வெளியே நிற்பதாக நினைப்பு.

புதன்கிழமை அந்தப் பக்கமே இல்லை. அழித்துவிட்டார். ஆனால் திரட்டிக்குள் வந்தது வந்ததுதான். மூவாயிரத்துச் சொச்சம் நிறங்கள் இப்போது என்னிடம் மட்டும் இருக்கின்றன.

4

மன்னிப்புக் கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று புசேயோவுக்குப் போனேன். (இதழில் வரும் என் படத்துக்கு இருபது வயது. அவருக்கு அடையாளம் தெரியவில்லை.)

"அண்ணே, கொர்வினா மீன் பாருங்க. உங்களைவிட இளசு."

"நதியோட நிறமெல்லாம் எழுதுவீங்களாமே?"

கத்தி நின்றது. "நீங்களும் அந்த ஞாயிறு இதழைப் படிச்சிட்டீங்களா? என்னை என்ன வேணாலும் சொல்லட்டும்ணே. மீன்காரன், பைத்தியம், சரி. படிக்கிற புள்ளைய எதுக்கு முட்டாள்ங்கணும்?"

"எந்தப் புள்ள?"

"என் மகன். பார்சிலோனால இருக்கான். சண்டை போட்டுட்டு, சொல்லாமக்கூடப் போனான். அவன் போன அதே வாரம் இதை ஆரம்பிச்சேன். மூணாம் மாசம் மூலையில அந்த ஒண்ணு வந்துச்சு. வேற யாருணே வருவா? ஆத்துத் தண்ணியப் பாக்க எவனுக்கு வேலையில்லை?"

எனக்குத்தான், என்று சொல்லவில்லை.

"கோவத்துல அழிச்சுட்டேன். நேத்து புதுசா ஒண்ணு திறந்திருக்கேன். இன்னும் யாரும் வரலை. அவன் தேடிக் கண்டுபிடிப்பான். தலையோட வேணுமா, தலை வேணாமா?"

தலையோடு வாங்கிக்கொண்டு வந்தேன்.

5

முடிவு அ: உண்மையைச் சொல்லி மூவாயிரத்தையும் கொடுக்கிறேன். ஒன்பது வருடமாக வராத மகன் ஒரே நிமிடத்தில், இன்னொரு முறை அவரை விட்டுப்

முடிவு ஆ: புதுப் பக்கத்தில் நானே சேர்ந்துகொள்கிறேன். ஒன்று வந்துவிடும். நாளை மகனே வந்தாலும் அவன் இரண்டாவது ஆள், எவனோ ஒருவன்.

முடிவு இ: ஒன்றும் செய்யாமல் இதைக் கதையாக எழுதுகிறேன். (செய்தாயிற்று.)

6

இன்று காலை புதுப் பக்கத்தில்: "பழுப்பு. தெற்குக் காற்று." மூலையில் பூஜ்யம். விரல் 'பின்தொடர்' பொத்தான் மேலேயே நின்றது. எடுத்துவிட்டேன், வந்து இந்தப் பக்கங்களை எழுதினேன். இப்போது திரும்பப் போய்ப் பார்க்கிறேன்.

பின்தொடர்பவர்: 1.

நான் அழுத்தவில்லை. மிர்த்தாவைக் கேட்டேன். "நானில்லப்பா" என்றாள், பொய் சொன்னாலும் அவளுக்கு இதே குரல்தான். பார்சிலோனாவில் இப்போது பிற்பகல்.

இந்த முறை நான் எண்ணப்போவதில்லை. அந்த ஒருவரை நீங்கள் யாராக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டாள் என்று மட்டும்