பெயர் மட்டும் வேண்டாம்

மாதங்கி அந்த விதியைப் பெருமையாகத்தான் போட்டாள். நோயாளியின் பெயரைச் சொல்லவே கூடாது. "ஒரு பெண்", "ஒரு பெரியவர்", அவ்வளவுதான். மேற்கு வங்காளத்தில் புருலியா பக்கத்துச் சந்தால் பழங்குடிக் கிராமங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும், பெயரைச் சொன்னால் மானம் போய்விடும் என்பாள். நியாயம்தான், யார் இல்லை என்றார்கள்?

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் அது. சனிக்கிழமையானால் கல்கத்தாவில் தன் பாலிகஞ்ச் வீட்டுக் கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பக்கம் ஒரு சுகாதார மையத்தில் ஏழெட்டு சந்தால் ஊழியர்கள் போனைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள்; அவர்களுக்கு அவள் தீதி, அதாவது அக்கா. மனசு உடைந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று வங்காள மொழியில் அவர்களுக்குப் பாடம் நடத்துவாள். அந்த ஊர்ப்பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை, பாடம் மட்டும் தடபுடலாக நடந்தது.

ஊழியர்களில் பாஹாமணி என்பவள் வாராவாரம் ஒரே பெண்ணைப் பற்றித்தான் சொல்லுவாள். பிள்ளையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். தூங்குவதில்லை, அடுப்பு மூட்டுவதில்லை, செத்தால் தேவலை என்கிறாள்.

"அவளைத் தனியா விடாதே. யாராவது கூடவே இருக்கணும்" என்றாள் மாதங்கி.

"நான்தான் எப்பவும் அவகூட இருக்கேன், தீதி."

"சபாஷ்! கேட்டீங்களா எல்லாரும்? வேலைன்னா இப்படிச் செய்யணும்."

அந்தப் பக்கம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. லைன் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள் மாதங்கி.

பாங்க்கிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்த அவள் கணவர் ஜம்புநாதன் சொன்னார்: "ஏண்டி, அந்தப் பொண்ணு குரலே சரியில்லையே. நீ எப்படி இருக்கேன்னு அவளை ஒரு வார்த்தை கேளேன்."

"இது என்ன உங்க லோன் செக்‌ஷனா? சும்மா இருங்கோ."

கேட்டால் என்ன, வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? கேட்கவில்லையே, மகராசி!

அடுத்த சனிக்கிழமை லகன் என்ற ஊழியன் முதலில் பேசினான்.

"தீதி, ஒரு பெண். பிள்ளை செத்தவ. புதன்கிழமை உயிரை மாய்ச்சுக்கிட்டா."

மாதங்கி போன் பக்கம் குனிந்தாள். "அது பாஹாமணியோட கேஸ் ஆச்சே! கூடவே இருக்கேன்னு சொன்னாளே, எங்கே போய்த் தொலைஞ்சா? கூப்பிடு அவளை!"

பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஊதியது.

"பாஹாமணியைக் கூப்பிடுன்னு சொல்றேன்!"

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, தீதி."

மாதங்கி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "அடப்பாவிகளா, என்கிட்ட ஒருத்தராவது சொல்லக் கூடாதா?"

"அவ தன்னைப் பத்தித்தான் சொல்றான்னு உங்களுக்குத் தெரியும்னுதான் நினைச்சோம். நீங்களே வைத்தியம் பாக்கறீங்கன்னு நாங்க யாரும் குறுக்கே வரல. அவளும் சனிக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருப்பா."

காப்பி டம்ளரோடு வந்த ஜம்புநாதன் அப்படியே நின்றுவிட்டார். மாதங்கி போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கேம்மா, பாஹாமணி? சொல்லும்மா, நீ எப்படி இருக்கே?"

தமிழில்தான் கேட்டாள். அங்கே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.